தேகம் வாங்கும் கைமாற்று

மூச்சு நின்றால் உயிர் நின்றது என்பது நம் நாட்டில் எழுத்தறியாதவரும் அறிந்த உண்மை. உணவின்றிப் பல நாள் இருக்கலாம். நீரின்றிச் சில நாள் இருக்கலாம். காற்றின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் இருத்தல் இயலாது. ஆயினும் இதே மனித தேகத்தினுள், பிராணவாயுவின் உதவியைச் சிறிதும் கேளாமல், இரவும் பகலும் ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. காற்றில்லாச் சுவாசம் என்று அதற்குப் பெயரிட்டுப் பள்ளிப் புத்தகங்கள் இரண்டு வரிகளில் முடித்துவிடுகின்றன. பிராணவாயு போதாதபோது தசைகளில் லாக்டிக் அமிலம் என்னும் கழிவு சேர்கிறது. களைப்புக்கும் வலிக்கும் அதுவே காரணம்: பல புத்தகங்களில் நாம் காணும் வாசகத்தின் சாரம் இதுவே.

இந்த வாசகத்தின் பெரும்பகுதி தவறு என்பதை இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம். ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் லாக்டிக் அமிலத்தின்மீது ஒரு குற்றம் சாட்டப்பட்டது. அரைகுறைச் சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்பும் கூறப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் அத்தீர்ப்பைப் படிப்படியாக ரத்து செய்துவிட்டன. ஆனால், தண்டனைச் செய்தி ஊரெங்கும் பரவியதைப்போல் விடுதலைச் செய்தி பரவவில்லை. இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும், படித்தவர்களின் பேச்சிலும்கூட, பழைய குற்றப் பத்திரிகையே வாசிக்கப்பட்டு வருகிறது. இரசாயன சாஸ்திரிகளின் தகராறு நமக்கெதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மாரடைப்பு வந்த ஒருவனுக்கு எத்தனை நிமிஷம் அவகாசம் உண்டு என்பதும், தேகத்தால் உழைப்பவன் ஏன் களைக்கிறான் என்பதும் இவ்விஷயத்தோடு பிணைந்திருக்கின்றன. ஆகவே இது நம் எல்லோருடைய விஷயமுமாகும்.

முதலில் நாம் தினமும் காணும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சடுகுடு ஆடுகிற வாலிபன் எதிரியின் எல்லைக்குள் பாய்கிறான். தொட்டுத் திமிறிப் பிடியை உதறிவிட்டுக் கோட்டுக்குத் திரும்புகிறான். முப்பது விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவன் பலமாக மூச்சிரைப்பதோ திரும்பி வந்த பிறகுதான். மூட்டை சுமந்து மாடிப்படி ஏறுகிறவனும், புறப்பட்டுவிட்ட ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவனும் இப்படியேதான். உழைப்பு முன்னே நடக்கிறது. மூச்சு பின்னே வருகிறது. அவ்வளவு வேகமான உழைப்புக்கு வேண்டிய பிராணவாயுவை, நுரையீரலும் இருதயமும் அந்தச் சில விநாடிகளில் தசைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அப்படியானால் அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது?

தசைகளின் வரவு செலவில் செல்லும் நாணயம் ஒன்றே. ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு பாஸ்பேட்டுப் பொருள் அது. தசை சுருங்குவதற்கு இந்த நாணயத்தைத் தவிர வேறெதுவும் செல்லாது. ஆனால் கையிருப்போ மிகச் சொற்பம். முழு வேகத்தில் உழைத்தால் இரண்டு மூன்று விநாடிகளில் தீர்ந்துவிடும். அடுத்தபடியாகக் கைகொடுப்பது கிரியாட்டின் பாஸ்பேட்டு என்னும் சிறு சேமிப்பு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து விநாடிகள் தாங்கும். அதற்கு மேலும் உழைப்பு நீடித்தால் தேகம் ஒரு கைமாற்று வாங்குகிறது. தசையில் சேர்த்து வைத்துள்ள சர்க்கரையைப் பிராணவாயுவுக்காகக் காத்திராமல் பாதி உடைத்து, கிடைத்ததை உடனே செலவழிக்கிறது. காற்றில்லாச் சுவாசம் என்பது இதுவே.

கைமாற்று எப்பொழுதுமே கொஞ்சந்தான் கிடைக்கும். ஆனால் உடனே கிடைக்கும். ஒரு சர்க்கரை அணுத்திரளைப் பிராணவாயுவின் உதவியால் முழுவதும் எரித்தால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கிறது. காற்றில்லாமல் உடைத்தாலோ மிஞ்சுவது 2 மட்டுமே. வரவு இவ்வளவு சுருங்கியிருந்தும் தேகம் இவ்வழியை நாடுவதற்குக் காரணம் அதன் வேகந்தான். சுட்டெரிக்கும் அடுப்பைப்போல் இவ்வழி கணத்தில் பற்றிக்கொள்கிறது. 1960-ஆம் வருஷம் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நான்காவதாக வந்தது நம் நேயர்களுக்கு நினைவிருக்கும். 46 விநாடிக்கும் குறைவான அந்த ஓட்டம் போன்றவை இந்தக் கைமாற்றின் பலத்தையே பெரிதும் நம்பி ஓடப்படுகின்றன.

சர்க்கரை உடைகிறபோது, அந்த வேலை தொடர்ந்து நடப்பதற்கு அவசியமான ஒரு துணைப்பொருள் முடங்கிப் போகிறது. அதை விடுவித்து மீண்டும் வேலைக்கு அனுப்பினால்தான் அடுத்த சர்க்கரையை உடைக்க முடியும். பாதி உடைந்த சர்க்கரையைத் தேகம் லாக்டேட்டாக மாற்றுவது இதற்காகவே. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலத்தின் மறுவடிவே இந்த லாக்டேட்டு. ஈஸ்ட்டு என்னும் நுண்ணுயிர் இதே நெருக்கடியில் சாராயத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்குகிறது. மனித தேகம் சாராய வழியிற் செல்லாமல் தயிரின் வழியிற் செல்கிறது. நுட்பமாகப் பேசுகிற சாஸ்திரிகள் இதைச் சுவாசம் என்று சொல்லாமல் நொதித்தல் என்றே சொல்வார்கள். நைட்ரேட்டு முதலியவற்றைப் பிராணவாயுவுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சில நுண்ணுயிர்களின் செயலுக்கே காற்றில்லாச் சுவாசம் என்னும் பெயரை அவர்கள் ஒதுக்கி வைக்கிறார்கள். வழக்கில் வந்துவிட்ட பெயரை நாமும் கையாளுகிறோம்.

இனிக் குற்றச்சாட்டின் சரித்திரத்துக்கு வருவோம். லாக்டிக் அமிலத்தைப் புளித்த பாலிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் தேசத்து ஷீலே. அது 1780-ஆம் வருஷம். 1807-இல் அதே தேசத்தவரான பெர்ஸேலியஸ், வேட்டையில் ஓடிக் களைத்து வீழ்ந்த மானின் தசையிலும் அந்த அமிலம் இருக்கக் கண்டார். ஓடியவனிடம் இருந்ததாகையால், ஓடியவன் வீழ்ந்ததற்கும் அதுவே காரணம் என்ற சந்தேகம் அப்போதே விதைக்கப்பட்டுவிட்டது. நூறு வருஷம் கழித்து, 1907-இல், கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்னும் இருவர் தவளையின் தசைகளை வெட்டியெடுத்துப் பரீட்சை செய்தார்கள். மின்சாரத்தால் தூண்டி, சுருங்கச் சக்தியற்றுப் போகும்வரை அவற்றை உழைக்க வைத்தார்கள். பிராணவாயு இல்லாவிடத்து அமிலம் மிகுந்தது, தசையும் ஓய்ந்தது. 1922-ஆம் வருஷத்திய நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாஃப் இருவரும் இவ்வழியில் மேலும் சென்றார்கள். அமிலம் தோன்றுவதே தசையைச் சுருங்கச் செய்கிறது, அது தேங்குவதே களைப்பாகிறது என்ற சித்தாந்தம் வேரூன்றியது. பிராணவாயுக் கடன் என்ற பிரசித்தமான பதமும் 1923-இல் ஹில்லும் அவருடைய கூட்டாளியும் வழங்கியதே.

இந்தச் சாட்சியத்தில் இருந்த ஓட்டையை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெட்டியெடுத்த தசைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. தன்னிடம் உண்டானதை வெளியே அனுப்ப அதற்கு வழியில்லை. அந்த லாக்டேட்டை வாங்கிக்கொள்ளும் ஈரலும் இருதயமும் அதனோடு சேர்ந்திருக்கவில்லை. வாசலையும் வாய்க்காலையும் அடைத்துவிட்டு, வீட்டில் வெள்ளம் தேங்கியதற்கு வீட்டுக்காரன்மீது பழி சொல்வது நியாயமாகுமா? பிராணவாயுவை மீண்டும் கொடுத்தபோது தசையில் அமிலம் மறைந்ததென்பதையும் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் பதிவு செய்தே இருந்தார்கள். விடுதலைக்கான சாட்சியம் குற்றப் பத்திரிகையின் கட்டுக்குள்ளேயே கிடந்தது.

முதல் அடி 1927-இல் விழுந்தது. அதில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பங்குண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை மெடிகல் காலேஜில் வைத்தியம் பயின்றவர். மகாத்மாவின் அழைப்பைக் கேட்டு, சத்திர சிகிச்சை வகுப்புக்கும் கதராடை அணிந்து சென்றதால் மேலதிகாரியின் அதிருப்திக்கு ஆளானார் என்றும், அதனாலேயே எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்ததென்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு ஸர்வகலாசாலையில் சேர்ந்த அவர், ஃபிஸ்கே என்னும் ஆசிரியரோடு கூடி, உடற்பொருள்களில் பாஸ்பரஸை அளக்க ஒரு நுட்பமான முறையை 1925-இல் வகுத்தார். அந்த முறையைக் கொண்டு 1927-இல் அவ்விருவரும் தசையில் கண்டெடுத்ததே, நாம் மேலே சொன்ன கிரியாட்டின் பாஸ்பேட்டு. தசை உழைக்கையில் அது உடைகிறது. ஓய்கையில் மீண்டும் கூடுகிறது. அதே வருஷம் இங்கிலாந்தில் எகில்டன் தம்பதிகளும் அதே பொருளைத் தனியே கண்டனர். 1929-இல் ஏ.டி.பி.யைக் கண்டவர்களிலும் ஜெர்மனியின் லோமானோடு ஃபிஸ்கேயும் சுப்பாராவும் இடம் பெறுகின்றனர். சென்னையில் முழுப் பட்டம் பெறாதவர், உலகத்துத் தசைகளின் பணப்பெட்டியைத் திறந்து காட்டினார்.

1930-இல் டென்மார்க்கு தேசத்து லுண்ட்ஸ்கார்டு இரண்டாவது அடியைக் கொடுத்தார். லாக்டிக் அமிலம் தோன்றவே முடியாதபடி ஒரு விஷத்தால் தடுத்துவிட்ட பிறகும் தசை சுருங்குவதை அவர் காட்டினார். கிரியாட்டின் பாஸ்பேட்டு தீரும்வரை அத்தசை உழைத்தது. தீர்ந்ததும் அமிலத்தின் சுவடே இன்றி ஓய்ந்து விறைத்தது. ஆக, சுருங்குவதற்கும் அமிலம் வேண்டாம். ஓய்வதற்கும் அமிலம் வேண்டாம் என்று ஏற்பட்டது. ஹில் இதை மறைக்க முயலவில்லை என்பதை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். தம் சித்தாந்தம் கவிழ்ந்ததைத் தசை சாஸ்திரத்தின் புரட்சியென்றே வருணித்து, 1932-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பரிசு பெற்ற பெரியவர் தோல்வியை இவ்வாறு ஒப்புக்கொள்வது எந்தத் துறையிலும் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று.

உழைத்த தசையிலிருந்து வெளியேறும் லாக்டேட்டு எங்கே போகிறது? இதற்கு விடை கண்டவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் தம்பதிகள். லாக்டேட்டு இரத்தத்தின் வழியே ஈரலை அடைகிறது. ஈரல் அதை மறுபடியும் சர்க்கரையாக்கி அனுப்புகிறது. தசை அதைத் திரும்பவும் பயன்படுத்துகிறது. 1929-இல் அவர்கள் விவரித்த இச்சுழற்சி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. 1947-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். வைத்தியத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி கெர்ட்டி கோரியே. கழிவென்று தள்ளப்பட்ட பொருளை எறியாமல் எடுத்துச் சேமிக்கிறது தேகம் என்பது இதனால் வெளியாயிற்று.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் புரூக்ஸ் என்பவர் இதற்கும் ஒரு படி மேலே சென்றார். லாக்டேட்டு ஈரலுக்குப் போவது மட்டுமன்று, ஒரு தசை உண்டாக்கியதை அடுத்த தசை எரிக்கிறது. இருதயம் அதை விரும்பி எரிக்கிறது. மூளையும் எரிக்கிறது என்பதை 1980-களிலிருந்து அவரும் பிறரும் நிலைநாட்டி வந்திருக்கிறார்கள். கடினமாக உழைக்கும் நேரத்தில் இருதயத்தின் முக்கியமான எரிபொருள்களுள் லாக்டேட்டும் ஒன்று. பிராணவாயு போதிய அளவு உள்ளபோதே, ஓய்ந்திருக்கும் தேகத்திலும் லாக்டேட்டு உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. 2017-இல் எலிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று, தேகத்தில் சர்க்கரையின் சக்தி பெரும்பாலும் லாக்டேட்டின் வடிவிலேயே ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கைமாறுகிறதென்று காட்டியது. காற்றில்லை என்ற நெருக்கடி வந்தால்தான் இந்த வழி திறக்கும் என்ற எண்ணமும் இவ்வாறு வீழ்ந்தது. வேகம் வேண்டியபோதெல்லாம் இவ்வழி அகலமாகத் திறக்கிறது. மற்ற நேரங்களில் ஒருக்களித்துத் திறந்தே இருக்கிறது.

அப்படியானால் களைப்புக்கு யார் பொறுப்பு? களைப்புக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது இயலாது. ஏ.டி.பி.யும் கிரியாட்டின் பாஸ்பேட்டும் உடைவதால் மிஞ்சும் பாஸ்பேட்டு தசையின் சுருங்கும் கருவிகளைத் தடுக்கிறது. பொட்டாசியம் தசையணுக்களை விட்டு வெளியே கசிகிறது. சேமித்த சர்க்கரை குறைகிறது. மூளையும் வேகத்தைத் தணிக்கச் சொல்கிறது. கடும் உழைப்பில் தசைக்குள் புளிப்பு ஏறுவது உண்மையே. அதற்கும் ஓரளவு பங்கிருக்கலாம். ஆனால் பழைய பரீட்சைகள் பெரும்பாலும் குளிர்ந்த நிலையிலிருந்த தசைகளில் நடந்தவை. தேகத்தின் இயற்கை உஷ்ணத்துக்கு அருகில் நடத்தியபோது புளிப்பின் கேடு மிகவும் குறைந்து காணப்பட்டது. 2001-இல் டென்மார்க்கில், பொட்டாசியத்தின் கசிவால் வலுவிழந்த எலித் தசைக்கு லாக்டிக் அமிலத்தைச் சேர்த்தபோது, அது இழந்த வலுவில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. கொலையாளி என்று கூண்டில் நிறுத்தப்பட்டவன் காயம்பட்டவனைத் தூக்கிவிட வந்தவனாகவும் இருக்கக்கூடும் என்று இதனால் தெரிகிறது.

மறுநாள் தோன்றும் வலியைப் பற்றிய குற்றச்சாட்டோ இதைவிடவும் ஆதாரமற்றது. ஓய்ந்திருப்பவனுடைய இரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட்டு இருக்கும். உயிரைக் கொடுத்து ஓடினால் அது 15, 20 என்றும் ஏறும்; எனினும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். வலியோ மறுநாளும் அதற்கடுத்த நாளுந்தான் உச்சத்தை அடைகிறது. போய்விட்ட ஒன்று மறுநாள் எப்படி வலியைத் தரும்? பழனிமலைக்குப் போய் வந்தவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். மூச்சிரைக்க வைப்பது ஏற்றம். மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்ளச் செய்வது பெரும்பாலும் இறக்கம். 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதையே அளந்து காட்டியது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட்டு ஏறியது, வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட்டு ஏறவில்லை, வலி வந்தது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசைநார்களில் நேரும் நுண்ணிய சிதைவும், அதை ஆற்ற எழும் அழற்சியுமே அவ்வலிக்குக் காரணம். லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதாகச் சொல்லிப் பணம் பெறுகிற சிகிச்சைகளை நம்மவர் இதை நினைவிற்கொண்டு எடைபோடுவார்களாக.

விடுதலைத் தீர்ப்புக்குச் சாட்சி ஒவ்வொரு ஊர் வைத்தியசாலையிலும் தொங்குகிறது. 1880-களில் லண்டனில் ரிங்கர் என்பவர் உப்புக்கள் கலந்த நீர்மம் ஒன்றை வகுத்தார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை வைத்தியரான ஹார்ட்மன், நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்த புளிப்பைத் தணிப்பதற்காக அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். ஆம், புளிப்பைத் தணிப்பதற்காகவே! அந்த நீர்மமே இன்று ரிங்கர் லாக்டேட்டு என்று வழங்குவது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 28 மில்லிமோல் லாக்டேட்டு உண்டு. காலரா கண்டு நீர் வற்றிக் கிடப்பவனுக்கு நரம்பு வழியே செலுத்துமாறு உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்வது இதைத்தான். ஈரல் அந்த லாக்டேட்டை வாங்கி, புளிப்பை மாற்றும் காரப்பொருள் விளையும்படி செய்கிறது. விஷமென்று பெயர் பெற்ற பொருள் சாகக் கிடப்பவனைப் பிழைக்க வைப்பதற்குச் செலுத்தப்படுவதைக் கண்ட பிறகும் பழைய வாசகத்தை ஒப்பிப்பது தகுமா?

தேகத்தில் ஆயுள் முழுவதும் இந்த வழியிலேயே காலம் தள்ளும் பகுதிகளும் உண்டு. அவற்றுள் முதன்மையானவை இரத்தத்தின் சிவப்பணுக்கள். நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து தேகமெங்கும் கொடுத்துவரும் இவை, தம் சுமையில் ஒரு துளியைக்கூடத் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. பிராணவாயுவை எரிக்கும் உறுப்பே அவற்றுக்குள் இல்லை. காற்றில்லாமல் சர்க்கரையை உடைத்து, கிடைக்கும் அற்ப வரவைக்கொண்டு சுமார் 120 நாட்கள் உழைத்து மடிகின்றன. இரத்தக்குழாய் இல்லாத கண்ணின் வில்லையும் பெரும்பாலும் இவ்விதமே பிழைக்கிறது; குழாய்கள் குறுக்கிட்டால் அதன் தெளிவு கெடுமன்றோ? காற்றில்லாச் சுவாசம் இல்லையேல் காற்றைச் சுமப்பாரும் இல்லை. நாம் இவ்வெழுத்தைப் பார்ப்பதற்குரிய கண்ணும் இல்லை.

இவ்வளவும் சொன்னதனால் கைமாற்றையே நம்பி வாழலாம் என்று நாம் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம். கைமாற்றுக்கு எல்லை உண்டு. அந்த எல்லை ஒவ்வோர் உறுப்புக்கும் வெவ்வேறு. கைகால்களின் தசை, இரத்த ஓட்டம் தடைப்பட்டாலும், ஏறக்குறைய 2 மணி நேரம் பெருங்கேடின்றித் தாங்கும். ஓயாது துடிக்க வேண்டிய இருதயத் தசைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் குழாய் முற்றிலும் அடைபட்டால் சுமார் 20 நிமிஷங்களில் சாவு தொடங்கி, சில மணி நேரத்தில் அந்தப் பகுதி முழுவதும் பரவிவிடும். மூளையோ சர்க்கரையைச் சேமித்து வைப்பது வெகு சொற்பம். இரத்தம் நின்ற பத்து விநாடிக்குள் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிஷங்களில் மீட்க முடியாத சேதம் ஆரம்பிக்கிறது. இரத்தம் ஓடாதவிடத்துப் புதிய சர்க்கரையும் வருவதில்லை. உண்டான லாக்டேட்டும் போவதில்லை. கேம்பிரிட்ஜில் வெட்டியெடுத்த தவளைத் தசைக்கு நேர்ந்த கதியே, உயிருள்ள மனிதனின் மார்புக்குள் அப்போது நேருகிறது.

இங்கேதான் சாஸ்திரம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. நடுமார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டவனை, வாயுத் தொல்லையென்று சொல்லி விடியும்வரை படுக்க வைப்பது, 20 நிமிஷக் கைமாற்றை ஓர் இரவுக்கு நீட்டக் கேட்பதாகும். நம் மாகாணத்தில் 108 என்னும் எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது. அழைக்கத் தயங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஒருவன் திடீரென்று விழுந்து, நினைவும் இயல்பான மூச்சும் அற்றுக் கிடந்தால், வண்டி வரும்வரை அவனது நடுமார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தால் மூளைக்குச் செல்லும் சிறிதளவு இரத்தமே கடன் முறியாமல் காப்பாற்றும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். கூட்டங்கள் நடத்துகிற நம் தோழர்கள், ஊருக்குப் பத்துப் பேருக்காவது இதைக் கற்பிக்க ஏற்பாடு செய்வார்களேயானால், மேடைப் பேச்சுக்கள் பலவற்றினும் அது உயர்ந்த தேச சேவையாகும்.

வைத்தியசாலைகளில் இரத்தத்தின் லாக்டேட்டை அளப்பதும் இதே நியாயத்தைத் தழுவியதே. நோய்த்தொற்று தேகமெங்கும் பரவி இரத்த அழுத்தம் வீழ்ந்தவனிடம் லாக்டேட்டு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அபாயக் குறியென்று 2016-இல் வெளியிடப்பட்ட சர்வதேச வரையறை கூறுகிறது. அந்த எண் ஓர் அறிவிப்பு மணி. மணியை நிறுத்துவதால் நெருப்பு அணையாது. தொற்றை ஒழித்து இரத்த ஓட்டத்தைச் சீர்செய்தால் எண் தானாகவே இறங்கும் என்பதை நல்ல வைத்தியர்கள் அறிவார்கள்.

தேகத்தால் உழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டை தூக்குபவன் நடுவில் நின்று இளைப்பாறுவதைச் சோம்பலென்று கடிந்துகொள்ளும் மேஸ்திரிகள் நம் ஊர்களில் உண்டு. அவன் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷங்களில் கிரியாட்டின் பாஸ்பேட்டில் பெரும்பகுதி மீண்டும் கூடிவிடுகிறது; லாக்டேட்டு இருதயத்துக்கும் ஈரலுக்கும் போய்ச் சேருகிறது. இளைப்பாறல் உழைப்பின் ஒரு பகுதியே. அதை மறுப்பவர் கூலியில் திருடுவதைப்போலவே தேகத்திலிருந்தும் திருடுகிறார். கடும் ஓட்டத்துக்குப் பின் திடீரென்று படுத்துவிடாமல் மெதுவாக நடந்தால் லாக்டேட்டு விரைவில் எரிந்து தீரும். நாள்தோறும் பழகிய உழைப்பாலும் உடற்பயிற்சியாலும் தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்களும் பிராணவாயுவை எரிக்கும் உறுப்புக்களும் பெருகுகின்றன. அப்போது கைமாற்று வாங்கும் அவசியமும் குறைகிறது, வாங்கியதைத் தீர்க்கும் சக்தியும் வளர்கிறது.

ஒரு பொருளைப் பற்றி நூறு வருஷம் நிலவிய அவதூறு எப்படி உண்டாயிற்றென்பதை மேலே கண்டோம். சம்பவ ஸ்தலத்தில் இருந்தான், ஆகையால் குற்றவாளி என்பதே அந்தத் தீர்ப்பின் முழு நியாயமும். வழிகளை அடைத்துவிட்டு விசாரித்தால் எந்த நிரபராதியும் குற்றவாளியாகத்தான் தோன்றுவான். மனிதர்களின் வழக்கிலும் இது பொருந்தும் என்பதை நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நம் குழந்தைகளின் பாடப் புத்தகங்களில் பழைய வாசகம் காணப்பட்டால் ஆசிரியர்கள் அதைத் திருத்திச் சொல்ல வேண்டும். லாக்டேட்டு கழிவன்று, நெருக்கடியில் தேகத்துக்குக் கிடைக்கும் கைமாற்று, இரத்தம் ஓடும்வரை அது முறையாகத் தீர்க்கப்படும். இரத்தம் நின்றால் தவணை நிமிஷக் கணக்கில் முடிகிறது. அந்த நிமிஷங்களைக் காக்கக் கற்பதே நம் கடமை.